ரேணுகாம்பாளின் ராசி வாட்ச்

சின்னக்கடைத் தெருவில் இருந்த அப்பாதுரையின் ஸ்டுடியோவுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டும் போட்டோ எடுக்க வரும் பெண்கள் யாரும் அப்பாதுரையைத் தேடி வருவதில்லை. "ரேணுகாக்கா இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். இல்லையென்றால் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார்கள். அப்பாதுரைக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "லைட்டு போடறது நான், பட்டனை அழுத்தறது நான், பேரு மட்டும் அவளுக்கு" என்று தன் கேமராவிடமே புலம்புவார்.

ரேணுகாம்பாள் அங்கே பார்த்த வேலைக்குத் தனியாகப் பெயர் கிடையாது. புடவை மடிப்பைப் பிடித்துப் பின் குத்துவாள். எண்ணெய் வழியும் நெற்றியில் பவுடர் ஒற்றுவாள். ஜாஸ்தியாகிவிட்டால் ஈரத்துணியால் கம்மி பண்ணுவாள். கூட வந்திருக்கும் அத்தை, சித்தி, பெரியம்மா பட்டாளத்தை, "உங்களுக்காகவே வெளியில ஃபேன் போட்டு வெச்சிருக்கேன், வாங்க" என்று நைசாக ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவாள். கதவு சாத்தியதும் அந்தப் பெண் ஒரு பெரிய மூச்சு விடும். அதுவரை காத்திருந்து, கடைசியாகத் தன் இடது கையிலிருந்து வாட்சைக் கழற்றி அதன் கையில் கட்டுவாள்.

நாலணாக் காசை விடக் கொஞ்சம்தான் பெரிய வாட்ச் அது. பால் நிறத்தில் முகம், தலைமுடி கனத்தில் ரோமன் எழுத்துகள், ஊசி போல இரண்டே முள். நொடி முள் இல்லை, தேதி இல்லை, கல் இல்லை. சுற்றிலும் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடு, விரல் அகலம்கூட இல்லாத பழுப்புத் தோல் பட்டை. அவ்வளவுதான். ஆனால் ஒரு தடவை பார்த்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

அது ரேணுகாம்பாளுக்காக வாங்கியது இல்லை. மஸ்கட்டில் இருந்த அவளுடைய அண்ணன் எண்பத்தொன்பதில் ஊருக்கு வந்தபோது பெண்டாட்டிக்கு ஆசையாக வாங்கி வந்தது. அண்ணி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டாள். "மஸ்கட்லேர்ந்து வந்த வாட்சுன்னா நாலு பேரு எங்க வாங்கினதுன்னு கேக்க வேணாமா? இது இன்னாது, ஹெட்மிஸ்டரஸ் அம்மா கட்டற மாதிரி. ஒரு கல்லு உண்டா இதுல?" அண்ணன் டப்பாவைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டான். அடுத்த தடவை அண்ணிக்குச் சுற்றிலும் கல் வைத்த வாட்ச் வந்தது. பொங்கலுக்குள் பாதிக் கல் உதிர்ந்துவிட்டது. ரேணுகாம்பாள் அதைப் பற்றி அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் போட்டோவில் பெண் கையில் வாட்ச் தெரிய வேண்டும் என்பது அப்போது எழுதாத சட்டம். ப்ளஸ் டூவில் நின்றவளும் பி.ஏ. முடித்தவளும் போட்டோவில் ஒரே மாதிரிதானே தெரிவார்கள்? சர்டிபிகேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா உட்கார முடியும்? அந்த வேலையை வாட்ச் பார்த்துக்கொண்டது. ஊரில் பெண்கள் வாட்சின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாக வைத்துத்தான் கட்டுவார்கள். ரேணுகாம்பாள் அதை வெளிப்பக்கம் திருப்பிக் கட்டி, முழங்கையை பிளாஸ்டிக் ரோஜா வைத்த குட்டி மேஜையில் ஊன்ற வைத்து, விரல்களைக் கன்னத்துக்குக் கொண்டுவருவாள். "முள்ளு ரெண்டும் முறுக்கின மீசை மாதிரி மேல தூக்கிக்கினு நிக்கணும்" என்பது அப்பாதுரையின் கட்டளை. அதற்காகச் சாவியை இழுத்துப் பத்து பத்தில் நிறுத்திவிடுவாள். போட்டோ முடிந்ததும் திரும்ப அழுத்த மறந்துபோவாள்.

அவள் வீட்டுக்காரர் வேணு, கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நிமிஷத்துக்கு நிமிஷம் அடுத்த பஸ்காரனோடு சண்டை போடுகிற ஆள். "இந்தத் திருவண்ணாமலையிலயே கையில வாட்ச் கட்டிக்கினு, போறவன் வர்றவன்கிட்ட மணி கேக்கற ஒரே பொம்பளை நீதாண்டி" என்பார்.

ராசி என்ற பேச்சு எப்படிக் கிளம்பியதோ தெரியாது. போளூர் ரோட்டில் நாலு வருஷமாகத் தட்டிக்கொண்டே போன ஒரு பெண்ணுக்கு, இந்த வாட்ச் கட்டிப் போட்டோ எடுத்த மாசமே இடம் அமைந்தது. அவள் தன் சிநேகிதியை அனுப்பினாள். அவளுக்கும் அமைந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? செங்கத்திலிருந்தும் அவலூர்ப்பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். ஒரு அம்மாள் வாட்ச் பட்டையில் குங்குமமே வைத்துவிட்டாள். ரேணுகாம்பாள், "ஐயோ, தோலு கறையாயிடும்மா" என்று முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள். அவளுக்கு ராசியில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகை வரும்போதும் வாட்சை ஒரு தடவை தடவிக்கொடுப்பாள்.

தொண்ணூற்றிரண்டில், ஆனி மாசம், வேங்கிக்காலிலிருந்து மதிவதனி வந்தாள். பி.ஏ. முடித்துவிட்டு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கதவு சாத்தியதும் பெருமூச்சு விடாமல், "அக்கா, கன்னத்துல கை வெச்சா பல்லு வலிக்குதுன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். ரேணுகாம்பாள் சிரித்தாள், அவளும் சிரித்தாள், அப்பாதுரை அந்த நொடியில் பட்டனை அழுத்திவிட்டார். அந்த வருஷத்திலேயே நல்ல போட்டோ அதுதான்.

தரகர் அருணகிரி அதைக் கீழ்பென்னாத்தூர் பச்சையம்மாளிடம் கொண்டுபோனார். நிலம் நீச்சுள்ள குடும்பம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பையன் முருகவேலுக்கு வேளாண்மை டிப்போவில் வேலை. பச்சையம்மாளுக்குப் போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "வாட்ச் எங்கம்மா காணோம்? போட்டோவுல கட்டியிருந்தியே, அவ்ளோ நல்லா இருந்துச்சே. உன்னுதுதானே?" என்று கேட்டார். மதிவதனி தலையை ஆட்டிவிட்டாள். அடுப்படியிலிருந்து அவள் அம்மா, "ரிப்பேருக்குக் குடுத்திருக்குதுங்க" என்று கூடவே ஒரு பொய்யைத் தாளித்துக் கொட்டினாள். ஆவணியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த வேணு, தட்டில் கையை வைத்தபடி சொன்னார்: "உன் ராசி வாட்ச் ஒரு கல்யாணத்தை நிறுத்திடுச்சு."

"இன்னா சொல்றீங்க?"

"தரகரு என் பஸ்லதான் வந்தாரு. பச்சையம்மா தம்பி புள்ளைக்கு வேற ரெண்டு பொண்ணு போட்டோ கொண்டுபோய்க் குடுத்திருக்காரு. அந்தம்மா, மருமகளா வரப்போற பொண்ணு போட்டோவையும் பக்கத்துல வெச்சு அழகு பாத்திருக்குது. மூணு பேரு கையிலயும் ஒரே வாட்ச். மூணுலயும் ஒரே மணி. பத்து பத்து."

ரேணுகாம்பாள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"அந்தம்மா இன்னா சொல்லிச்சாம் தெரியுமா? 'இரவல் வாட்ச் கட்டிக்கினது தப்பில்ல. உன்னுதான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன், தலையாட்டுச்சு. நாளைக்கு என் வீட்டுக்கு வந்து எதுக்கெல்லாம் தலையாட்டுமோ'ன்னு சொல்லிச்சாம். நிச்சயம் வேணாம்னுட்டுது."

சாயந்திரம் மதிவதனியும் அவள் அம்மாவும் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே வந்தாள், ஆனால் கையில் ஒரு திட்டமும் வைத்திருந்தாள். "வாட்ச் எங்க பொண்ணுதுதான், ஸ்டுடியோவுல மத்தப் பொண்ணுங்களுக்கு நான்தான் வாங்கிக் கட்டினேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டியானா போதும் ரேணுகா. வாட்சை நாங்களே வாங்கிக்கிறோம்."

மதிவதனி ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்டிக் ரோஜாவின் தூசியை ஒவ்வொரு இதழாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணைத் துடைக்க வெளியே போனதும் மெதுவாகச் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு அக்கா. 'ஸ்கூல்ல பசங்களை அடிப்பீங்களா'ன்னு. இல்லைன்னேன். 'நல்லது, நான் அடி வாங்கியே படிச்சவன்'னாரு. எனக்குப் புடிச்சிருந்தது."

அதைக் கேட்டபிறகு ரேணுகாம்பாளால் உட்கார முடியவில்லை. போட்டோ எடுக்கத்தான் வாட்சைக் கட்டினாள், ஆனால் இந்தப் பெண் தலையாட்டியதில் தனக்கும் பாதிப் பங்கு இருப்பதுபோல மனசு அரித்தது. வாட்சைக் கழற்றினாள். மதிவதனி கையில் கட்டினாள், இந்தத் தடவை உள்பக்கம் பார்க்க. "இனிமே இது உன்னுது. வித்தேன்னு நெனைக்காத, குடுத்தேன். நான் போய்ப் பேசிட்டு வரேன்."

மறுநாள் காலையில் வேணுவின் பஸ்ஸிலேயே ஏறினாள். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, யாரோ வேறொருத்தியின் கையைப்போல இருந்தது. சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தாள். 'வாட்ச் மதிவதனியுதுதாங்க. நான்தான் இரவல் கேட்டு வாங்கினேன்.' மூன்றாவது தடவை சொல்லும்போது வேணு டிக்கெட் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"பொய் சொல்லப் போற மூஞ்சியா இது? கோயில் வாசல்ல செருப்பு திருடப் போறவ மாதிரி முழிக்கிற."

"வாயை மூடிக்கினு டிக்கெட்டைக் கிழிங்க."

பச்சையம்மாள் வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். ஆள் யாரென்று சொன்னதும் முகம் இறுகியது. ஆனாலும் வீடு தேடி வந்தவளை வெயிலில் நிற்க வைக்க மனசில்லை. "உள்ள வந்து உக்காரும்மா. மோர் குடி. அப்பால சண்டை போடலாம்."

ரேணுகாம்பாள் கூடத்தில் உட்கார்ந்தாள். மோர் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த வாட்ச் விஷயமா..." என்று ஆரம்பித்தவள், எதிர்ச் சுவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. நாற்காலியில் இளவயசுப் பச்சையம்மாள், பஃப் கை வைத்த ரவிக்கையில். பக்கத்தில் வீட்டுக்காரர், சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு விறைப்பாக. முன்னால் மேஜை, மேஜைமேல் டெலிபோன். ரிசீவர் பச்சையம்மாள் காதில். எதிர்முனையில் யாரோ நல்ல செய்தி சொல்கிறமாதிரி ஒரு சிரிப்பு.

தினமும் போட்டோ பார்க்கிற கண் அவளுடையது. ரிசீவரைப் பார்த்தாள், டெலிபோனைப் பார்த்தாள், அதன் ஒயர் மேஜைத் துணிக்கு வெளியே ஒரு சாண் தொங்கி அங்கேயே முடிந்துபோவதையும் பார்த்தாள். மனப்பாடம் பண்ணி வந்தது எல்லாம் மறந்துபோனது.

"அம்மா, போன்ல யாரு பேசினாங்க?"

பச்சையம்மாள் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "எந்த போனு?"

"அதோ, நீங்க பேசறீங்களே."

ரேழியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த முருகவேல் கையை நிறுத்தினான்.

"அது..." என்றார் பச்சையம்மாள். முகத்தில் ஒரு கோடு நெளிந்தது. "அது ஸ்டுடியோக்காரன் வெச்சதும்மா. எங்களுக்கு ஏது போனு? இந்தத் தெருவுக்கே இன்னும் லைன் வரல."

"காதுல வெச்சுக்கினு சிரிக்கிறீங்க?"

"சிரிக்கச் சொன்னான், சிரிச்சேன்!"

"போட்டோவைப் பாத்தவங்க யாராச்சும் கேட்டாங்களா, உங்க வீட்ல போன் இருக்குதான்னு?"

முருகவேல் சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மாவோட பெரியம்மா கேட்டாங்களாம். அம்மா 'நம்பர் ஞாபகம் இல்லை'ன்னு சொன்னாங்களாம். அப்பா உயிரோட இருந்தவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றான்.

"நீ சைக்கிளைத் துடைடா!" என்று அதட்டினார் பச்சையம்மாள். அதட்டு முடிவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ரேணுகாம்பாள் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டாள். "வாட்ச் என்னுதும்மா. இந்த ஜில்லாவுல பாதிப் பொண்ணுங்க கையில அதைத்தான் கட்டியிருக்கேன். இன்னிக்கு உங்ககிட்ட அது மதிவதனியுதுன்னு பொய் சொல்லத்தான் வந்தேன். அவ கையில கட்டிவிட்டுட்டும் வந்துட்டேன். இந்த போட்டோவைப் பாத்ததும் வாய் வரல."

பச்சையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது, ஆனால் இறுக்கம் திரும்பி வரவில்லை. "நீ சொல்லிட்டே. அந்தப் பொண்ணு சொல்லலையே. நான் வாழப்போறது உன்கூடயா, அதுகூடயா?" எழுந்து கொடியிலிருந்த நல்ல புடவையை உருவினார். "நட. இப்பவே போய்க் கேப்போம். அது பொய் சொன்னா இதோட விட்டுடுவேன். வழியில ஆள் அனுப்பறது, அங்க வந்து கண்ணு காட்டறது, இதெல்லாம் வெச்சுக்காத."

திரும்பி வந்ததும் வேணுவின் பஸ்ஸில்தான். பெண்டாட்டியும் பச்சையம்மாளும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் கண்ணால் என்ன என்று கேட்டார். ரேணுகாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'இனிமே இது உன்னுது' என்று மதிவதனி கையில் வாட்சைக் கட்டிவிட்டதே அவள்தானே? அந்தப் பெண் இப்போது என்ன சொல்லும்? பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பச்சையம்மாள் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். யாருக்கு என்று ரேணுகாம்பாள் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போனார்கள்.

மதிவதனி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். கையில் வாட்ச். பச்சையம்மாளைப் பார்த்ததும் கையைத் தன்னையறியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அம்மாதான் வெடுக்கென்று அதை முன்னால் இழுத்துவிட்டாள். "பாருங்க சம்பந்தி, வாட்ச் வந்துடுச்சு. நேத்துதான் ரிப்பேர் முடிஞ்சு..."

"நான் பொண்ணைக் கேக்கறேன்" என்றார் பச்சையம்மாள். "சொல்லும்மா. யாருது அது?"

மதிவதனி ரேணுகாம்பாளைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் சுவரிலிருந்த காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று தேடிக்கொண்டிருந்தாள். தேடத் தேட எழுத்தே தெரியவில்லை.

வாட்சின் பட்டை கழலும் சத்தம் கேட்டது.

"இது ரேணுகாக்காவுது அத்தை. ரிப்பேர்னு சொன்னதும் பொய்தான். போட்டோவுல கட்டியிருந்த புடவை எங்க சித்தியுது. கம்மல் அம்மாவுது." வாட்சை ரேணுகாம்பாள் கையில் வைத்தாள். "பி.ஏ. மட்டும் என்னுது."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பச்சையம்மாள் பெண்ணையே பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு ஏன் தலையாட்டின?"

"நல்லா இருந்துச்சுன்னு நீங்க அவ்ளோ ஆசையா சொன்னீங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

"போட்டோவுல சிரிச்சியே, அது?"

"அது என்னுதுதாங்க."

பச்சையம்மாள் ரேணுகாம்பாள் பக்கம் திரும்பினார். "டெலிபோன் விஷயத்தை இதுகிட்ட சொல்லிட்டியா?"

"உங்க கூடவேதானேம்மா வந்தேன்!"

"சொல்லிடாத. கல்யாணம் ஆவட்டும், நானே சொல்லிக்கிறேன்." மல்லிகைப் பொட்டலத்தைப் பிரித்தார். "திரும்பு கண்ணு. தலையில வெக்கிறேன். இது என் காசுல வாங்கினது, இரவல் இல்ல."

பேசினபடி ஆவணியில் நிச்சயம் நடந்தது, தையில் கல்யாணம். கல்யாணத்தைப் போட்டோ எடுக்க அப்பாதுரை போனார். பெண்வீட்டு வேன் அவரை ஏற்ற மறந்துவிட்டு ரேணுகாம்பாளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், அவர் வேணுவின் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்ததும் தனிக் கதை.

அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் ஒரு புது வழக்கம் வந்தது. கதவைச் சாத்தி, பவுடர் ஒற்றி, பின் குத்தி முடித்ததும் ரேணுகாம்பாள் வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "மாப்பிள்ளை வீட்ல வாட்ச் யாருதுன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"ஸ்டுடியோ ரேணுகாக்காவுதுன்னு சொல்லுவேன்" என்று பெண் வாய்விட்டுச் சொன்னால்தான் கட்டுவாள். மழுப்பினால் மறுபடி கேட்பாள். பெண்களும் அதைக் கோயில் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்வதுபோலப் பழகிக்கொண்டார்கள். ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்து, டிஜிட்டல் கேமரா வந்து, பெண்கள் சுடிதாரில் போட்டோ எடுத்துக்கொள்கிற காலம் வரைக்கும் இந்தக் கேள்வி ஓய்ந்ததில்லை. வாட்சுக்கு இரண்டு தடவை பட்டை மாற்றியாயிற்று. முகம் மட்டும் அப்படியே பால் நிறம்.

ஒரு நாள் கவியா என்ற கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். கேள்வியைக் கேட்டதும் பதிலை ஒப்பித்துவிட்டு, கையை நீட்டினவள் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"ஏன் அக்கா, மாப்பிள்ளை போட்டோவுல கோட்டு போட்டுக்கினு நிக்கிறாரே. அது யாருதுன்னு நாங்க கேக்கலாமா?"

ரேணுகாம்பாள் திரும்பினாள். திரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். அப்பாதுரை ஜில்லாவில் பாதி மாப்பிள்ளைகளுக்கு மாட்டிவிட்ட கோட்டு.

"கேளு" என்றாள், வாட்சை அவள் கையில் கட்டிக்கொண்டே. "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீ கேட்டுடு."